திரும்பிப் பாக்காம நட

இந்தச் சேர்ல யாராச்சும் இருக்காங்களாண்ணே? இல்லையா? அப்ப நான் உக்காந்துக்கறேன். இல்லல்ல, பை மடியிலயே இருக்கட்டும், கீழ வைக்கிற பை இல்ல அது. நீங்களும் கோலாலம்பூர்தான? நல்லதாப் போச்சு. நீங்க எந்திரிக்கிறப்ப நானும் எந்திரிச்சுக்கறேன். எனக்கு இதான் மொதத் தடவை.

தொண்டை இப்படித்தாண்ணே இருக்கும். தள்ளி உக்காராதீங்க, சளி காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் கெடையாது. வெடிப் புகை. ஊர்ல வெடி போட்டாய்ங்க, அன்னைக்குக் கட்டுன தொண்டை இன்னும் தெறக்கல. டாக்டர்ட்ட காட்டுனேன், கொஞ்ச நாளைக்குப் பேசாம இருப்பான்னாரு. நான் எங்க பேசுறேன்? வீட்ல வாயத் தெறந்தே பல நாளாச்சு. இன்னைக்குத்தான் இவ்வளவு பேசுறேன். அதுவும் அங்க செக்கிங்ல என் வாயக் கிண்டி விட்டுட்டாங்க.

பாத்திருப்பீங்களே. எல்லாரும் பெல்ட்ட மாட்டிக்கிட்டு, ஷூவ மாட்டிக்கிட்டுப் போறாங்க, ஒரு மொட்டத்தலை மட்டும் ஓரமா நின்னுச்சே. நான்தான் அது. போறவன் வர்றவன் எல்லாம் தங்கம் கடத்துனவனப் பாக்குற மாதிரி பாத்துட்டுப் போனான். பாக்கட்டும். எனக்கு ஒண்ணும் தோணல.

பையில ட்ரோனுண்ணே. எங்க பக்கம் ஹெலிகேம்பாங்க. ஆலங்குடிக்குப் பக்கத்துல நமக்கு. அடைக்கலம்னு பேரு. கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா, எதுன்னாலும் நம்ம ஹெலிகேம்தான் மேல நிக்கும். இதுல ஒரு வசதி இருக்கு, கேளுங்க. ரிமோட்டுத் திரையில ஒரு ஆள் மேல வெரலால கட்டம் போட்டு விட்டுட்டா, அது அந்த ஆள விடாது. அப்பறம் நம்ம கையே தேவையில்ல. போன வருசம் ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை மேல கட்டம் போட்டு விட்டேன். அவரு பந்தலுக்குப் பின்னாடி போயி சிகரெட்டப் பத்த வைக்கிறாரு, இதுவும் கூடவே போயி தலைக்கு மேல நிக்கிது. பெரிய திரையில மாமனார் பாத்துக்கிட்டிருக்காரு. அந்த மாப்பிள்ளை இன்னைக்கு வரைக்கும் என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. என் மிஷின் ஆள மாத்தாதுண்ணே. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் மாத்தாது. இத்தனை வருசத்துல ஒரு தடவைகூட மாத்துனதில்ல.

வெளிநாட்டுக்கு இதக் கொண்டு போறதுன்னா சும்மா தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துர முடியாதுல்ல. நான் விசாரிக்காம வர்ற ஆளா? டிக்கெட் போட்ட கடையில ரெண்டு தடவை கேட்டேன். பேட்டரிய உள்ள போடுற பெட்டியில வைக்கக் கூடாது, கையோடதான் கொண்டு வரணும். தீப்புடிச்சா கண்ணுல தெரியணுமாம். ஒவ்வொரு பேட்டரி வாயிலயும் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில போட்டு, எல்லாம் மொறையாத்தான் வச்சிருந்தேன். பெட்டி எடை போடுற எடத்துல கேட்டாங்க, கையில இருக்குன்னேன், சரின்னுட்டாங்க. அதுவரைக்கும் ஒரு கொறையும் இல்ல.

செக்கிங்ல பை அந்த மிஷினுக்குள்ள போயி வெளிய வந்துச்சு. காக்கி போட்ட அம்மா ஒருத்தவங்க, வடக்கத்தி அம்மா, பெட்டியத் தெறக்கச் சொன்னாங்க. தெறந்தேன். அன்னைக்கு மூடுன பெட்டி, இன்னைக்குத்தான் தெறக்குறேன். உள்ள பொரி கெடக்குது. ட்ரோன் காலுக்கு இடுக்குல ஒரு சாமந்தி இதழு காஞ்சு ஒட்டியிருக்கு. அந்தம்மா அத ரெண்டு வெரலால எடுத்து இப்படி உயர்த்திப் பாத்தாங்க. எனக்கு அசிங்கமாப் போச்சு. நான் ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் பிரஷ் வச்சுத் தூசி தட்டி, துணியால தொடச்சுட்டுத்தான் படுக்கவே போவேன். இந்தத் தடவை தொடைக்கல. டைம் இல்ல. வீட்ல ஆளு வந்துக்கிட்டே இருந்தாங்க, அதான் காரணம், வேறொண்ணும் இல்ல.

அப்பறம் ஒரு குச்சி எடுத்தாங்க. நுனியில வெள்ளைத் துணி. அத ட்ரோன் மேல, இறக்கை மேல, பெட்டிக்குள்ள எல்லாம் தேச்சாங்க. தேச்சுக் கொண்டுபோயி ஒரு மிஷின்ல சொருகுனாங்க. குய்ங்குனு கத்துச்சு பாருங்க, சிவப்பு லைட்டு. வேற துணி எடுத்து மறுபடி தேச்சாங்க. மறுபடி கத்துச்சு. என்னைச் சுத்தி நாலு பேரு வந்துட்டாங்க.

எனக்கு இந்தி வராது, அந்தம்மாவுக்குத் தமிழ் வராது. பிளேன் கம்பெனியில வேலை பாக்குற பொண்ணு ஒண்ணக் கூட்டிட்டு வந்தாங்க. சட்டையில ஜெனிட்டான்னு பேரு குத்தியிருந்துச்சு. "சார், வெடிமருந்துன்னு காட்டுது சார். இத கடைசியா எங்க பறக்க விட்டீங்கன்னு மேடம் கேக்குறாங்க"ன்னுச்சு.

நான் சொன்னேன், ஒரு கல்யாணம்னு.

பொய்தான். ஆனா நீங்களே சொல்லுங்க. பயணம் கெளம்பி வந்துருக்கேன். காலையில அக்கா செம்புல தண்ணியோட எதுக்க வந்து நின்னு வழியனுப்பி விட்டிருக்கு. கையில எலுமிச்சம்பழம் குடுத்து விட்டிருக்கு, வழித்துணைக்குன்னு, இந்தா, பையில இருக்கு. அப்படிக் கெளம்பி வந்த எடத்துல அந்த வார்த்தைய ஒருத்தன் வாயால சொல்லுவானா? நம்ம பக்கத்து ஆளா இருந்தா மொட்டையப் பாத்ததுமே "யாருப்பா?"ன்னு மெதுவாக் கேட்டிருப்பான். அந்தம்மா "திருப்பதி?"ன்னு கேக்குது. ஆமான்னுட்டேன் அதுக்கும்.

சரி, உங்கட்டச் சொல்றதுக்கு என்ன. ஆத்தா போயிருச்சுண்ணே. பதினாறு கும்பிட்டுட்டு நேத்துதான் வீட்டக் கழுவி விட்டோம்.

வயசு ஆயிருச்சு. நோய் நொடி ஒண்ணும் கெடையாது. காலையில காபி குடிச்சுச்சு. டம்ளரக் கழுவிக் கவுத்துச்சு. உக்காந்துச்சு. அவ்வளவுதான். எல்லாரும் நல்ல சாவுன்னாங்க. அதான் வெடி. பேரன் பேத்தி எடுத்த கட்டை, கொட்டும் வெடியுமாத்தான் அனுப்பணும்னு பங்காளிக எல்லாம் சேர்ந்து வாங்கிட்டு வந்தாய்ங்க. தெருவுக்குத் தெரு சரம் போட்டாய்ங்க. என் ட்ரோனு அந்தப் புகைக்குள்ளயேதான் பறந்துச்சு. பின்ன மிஷின் கத்தாம என்ன செய்யும்?

என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆமா, நான்தான் எடுத்தேன். எங்க அண்ணனுக்காக.

அண்ணன் பேரு வைரவன். மலேசியாவுல, ஜோகூர்ல, ஒரு சாப்பாட்டுக் கடையில இருக்கு. கோலாலம்பூருக்கே வந்து என்னையக் கூட்டிட்டுப் போறேன்னிருக்கு. பெர்மிட்டு புதுப்பிக்கப் பாஸ்போர்ட்ட ஆபீஸ்ல குடுத்திருக்காம், வர முடியாதாம். போன்ல அழுதுச்சு. நான் அழுகல. ஒருத்தனாவது நிதானமா இருக்கணும்ல. "நீ மட்டும் தனியா எப்படிடா நிப்ப?"ன்னுச்சு. அத விடுண்ணே, நீ வரலைன்னாலும் நீ பாக்குற மாதிரி எல்லாத்தையும் மேலேர்ந்து எடுத்து வைக்கிறேன்னேன். "அதெல்லாம் வேணாம்டா, நீ ஆத்தா பக்கத்துல இரு"ன்னுச்சு. அது சும்மா வாய்க்குச் சொல்றது. எந்தப் பிள்ளைக்குப் பாக்கணும்னு இருக்காது?

மத்தியானமே எடுத்துருவோம்னாங்க. உச்சி வெயில்ல எடுத்தா மூஞ்சியெல்லாம் கருப்பா விழும், வெள்ளை வேட்டியெல்லாம் வெளுத்துப் போயிரும். நாலு மணிக்கு மேல தூக்குங்கன்னுட்டேன். பெரியப்பா மகன் ஒருத்தன், "ஏண்டா, இது என்ன கல்யாண ஊர்வலமா, வெளிச்சம் பாக்குறதுக்கு?"ன்னு என் மேல பாயுறான். பாயட்டும். எனக்குத் தொழில் தெரியும்ல. ரோட்டு மேல தேர்ப்பாடை வர்றப்ப மேலேர்ந்து பாத்தா பூ மட்டும்தான் தெரியும், அவ்வளவு அழகா இருக்கும்ணே. இருந்திருக்கும். நான் இன்னும் பாக்கல.

எங்கூரு மொறை என்னன்னா, அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்கணும், ஆத்தாவுக்கு இளையவன். அப்பா போனப்ப அண்ணன் வச்சுச்சு. ஆத்தாவுக்கு நான். மயானத்துல எனக்கு மொட்டை அடிச்சு, தலைக்குத் தண்ணி ஊத்துனாங்க. ஈரக் கையோடயே ட்ரோன எறக்கி, பேட்டரிய மாத்தி, திரும்ப ஏத்துனேன். இந்தத் தடவை கட்டத்த என் மேலயே போட்டேன். அண்ணன் பின்னாடி பாக்குறப்ப, அத்தனை கூட்டத்துல தம்பி எங்கன்னு தேடக் கூடாதுல்ல. மொட்டத்தலை, மேலேர்ந்து பளிச்சுனு தெரியும். ரிமோட்ட அக்கா வீட்டு மச்சான் கையில குடுத்தேன். எதையும் தொடாதீங்க மச்சான், சும்மா புடிச்சிருங்க, அது பாட்டுக்கு என்னைத் தொடரும்னேன். மச்சானுக்கு இன்னொரு கையில போனு. போன்ல அண்ணன் லைன்ல இருக்கு.

கொடம் தூக்கிச் சுத்துனேன். ஒடச்சேன். திரும்பி நின்னு, கைய பின்னால கொண்டுபோயி கொள்ளி வச்சேன். மயானத்துல வேலை பாக்குறவரு, "திரும்பிப் பாக்காம நட"ன்னாரு. நடந்தேன்.

ஏன் திரும்பிப் பாக்கக் கூடாதும்பாங்க, தெரியுமாண்ணே? உங்க பக்கமும் உண்டா? திரும்பிப் பாத்துட்டா, போற உசுருக்கு மனசு வராதாம். நம்ம பின்னாலயே வந்துருமாம். அப்பறம் அதுக்குப் போக்கெடம் இல்ல, அலையும். ஆத்தா எங்களுக்காக அலைஞ்சது போதும்ணே. ரெண்டு வீட்டுக் கூலிக்குப் போயி, களையெடுத்து, எங்களத் தூக்கிவிட்டது போதும். நிம்மதியாப் போகட்டும்னுதான் நான் அந்த ஒரு விசயத்துல உறுதியா இருந்தேன். வேற எதுல தப்புப் பண்ணியிருந்தாலும் இதுல பண்ணக் கூடாது. நேரா நடந்தேன். கொளத்துல முங்குனேன். வீட்டுக்கு வந்து வெளக்கப் பாத்தேன். கொள்ளி வச்சது ஞாபகம் இருக்கு, கொளத்துத் தண்ணி சில்லுனு இருந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல நடந்துதான் போயிருப்பேன். நடக்குறதுல ஞாபகம் வச்சுக்கிற மாதிரி என்ன இருக்கு?

ட்ரோனு சார்ஜ் கொறைஞ்சதும் தானாத் திரும்பிக் கெளம்புன எடத்துலயே எறங்கிருக்கு. மச்சான்தான் எடுத்து, பேட்டரிய மட்டும் கழட்டி வெளிய வச்சுட்டு, பெட்டியில போட்டுக் கொண்டாந்தாரு. அப்பறம் நான் அத எடுக்கவே இல்ல. வீடியோவ வேற எதுலயும் ஏத்தல. எல்லாம் ட்ரோனுக்குள்ளயேதான் கெடக்கு. யோசிச்சுப் பாருங்க, வீடியோவப் போட்டுப் பாத்தா அதுவும் திரும்பிப் பாக்குறதுதான? அதனாலதான் தொடல. அப்படியே கொண்டுபோயி அண்ணன் கையில குடுத்துருவேன். அது மூத்தவன், அதுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல. அது பாத்துக்கட்டும்.

அண்ணன் என்னமோ, "மிஷின் எதுக்குடா, நீ வந்தாப் போதும், வந்து என்கூட ஒரு மாசம் இரு"ன்னு தெனம் போன் போடுது. தெனம்னா ரெண்டு வேளை. சாப்ட்டியா, தூங்குனியா, யாரு பக்கத்துல இருக்கா. ஆத்தா இருந்தப்ப வாரத்துக்கு ஒரு போனு வராது. இங்க அக்காவும் அப்படித்தான். ராத்திரி கதவத் தாழ் போட விட மாட்டேங்குது. நான் கெணத்துப் பக்கம் போனா யாராச்சும் ஒரு ஆளு பின்னாலயே வருது. மச்சான் இன்னைக்கு ஏர்போர்ட்டு வாசல் வரைக்கும் வந்து கையப் புடிச்சவரு விடவே இல்ல, போலீசுக்காரரு உள்ள போங்கன்னு சொன்ன பெறகுதான் விட்டாரு. எல்லாருக்கும் என்ன ஆயிருச்சுன்னே தெரியல. செத்தது ஆத்தா, என்னைய வச்சுக் காவல் காக்குறாங்க.

செக்கிங்ல எங்க விட்டேன்? ஆங், கல்யாணம். கல்யாணம்னா வீடியோ இருக்கும்ல, காட்டுங்கன்னுட்டாங்க. இல்லைன்னேன். இல்லைன்னா மிஷின இங்கயே வச்சுட்டுப் போங்க, வீட்டு ஆள வரச் சொல்லி எடுத்துக்கச் சொல்லுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. பொண்ணு நல்லவிதமாத்தான் சொல்லுச்சு. பிளேனுக்கும் நேரமாகுது.

வச்சுட்டுப் போயிரலாம்னு ஒரு நிமிசம் தோணுச்சுண்ணே. நெசமாத்தான் சொல்றேன். மச்சான வரச் சொன்னா முடிஞ்சுது. ஆனா அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அது கேக்காட்டியும் அதுக்குன்னு எடுத்தது. ஆத்தாவோட கடைசி ஊர்வலம் உலகத்துலயே அந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு. யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு அலமாரியில போட்டு வைக்கவா?

பேட்டரியப் போட்டு ஆன் பண்ணேன். அது ஒரு சத்தம் போடும், டிங்டிங்னு. ரெண்டு பேரு பின்னால நகந்துட்டாங்க. ரிமோட்டுத் திரையில அந்த வீடியோவத் தட்டி, ஓட ஆரம்பிச்சதும் அந்தம்மா கையில குடுத்துட்டு நான் திரும்பி நின்னுக்கிட்டேன். அந்தம்மா என் தோளத் தொட்டு, பாரு, காட்டுங்கற மாதிரி என்னமோ சொன்னாங்க. ஜெனிட்டாட்டச் சொன்னேன், "நான் பாக்கக் கூடாதும்மா, நீங்க பாத்துக்கங்க"ன்னு. அப்ப அந்தப் பொண்ணு திரையப் பாத்துட்டு, என் மொட்டையப் பாத்துட்டு, "சார், இது..."ன்னு நிறுத்திருச்சு. "ஆமா"ன்னேன்.

அங்க ஒரு பெரிய கண்ணாடி இருக்கும் பாத்தீங்களா, அதப் பாத்துக்கிட்டே நின்னேன். வெளிய ஒருத்தரு பெட்டிகள ஏத்திக்கிட்டிருந்தாரு. அதையே பாத்தேன். வீடியோல சத்தம் கெடையாது, ட்ரோன்ல சத்தம் பதியாது. அதனால எனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். விடல. பூராவும் பாத்தாங்க. பின்னால மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு, அது ஜெனிட்டா. சின்னப் பொண்ணு, போகட்டும். அப்பறம் திரும்பச் சொன்னாங்க, திரும்புனா அந்தக் காக்கியம்மா கண்ணத் தொடைக்கிது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். யாரு வீட்டு ஆத்தாவுக்கு யாரு அழுவுறது? பெத்த மகன் நான் கல்லு மாதிரி நிக்கிறேன். பெத்த மகனுக்கே ஒண்ணும் தோணல. நீ யாரு? உனக்கு என்ன தெரியும் எங்க ஆத்தாவப் பத்தி? ஆத்தா புதுக்கோட்டையத் தாண்டுனதில்ல. அண்ணன் எத்தனையோ தடவை மலேசியாவுக்குக் கூப்பிட்டுச்சு, போனதில்ல. ஆத்தாவுக்கு பஸ்ஸே ஆகாதுண்ணே. ஜன்னலோர சீட்டுல, எலுமிச்சம்பழத்த மூக்குல வச்சுக்கிட்டு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு உக்காந்திருக்கும். கண்டக்டர் வந்தா கண்ணத் தெறக்காமயே வெரல நீட்டி என்னையக் காட்டும், அவன்ட்ட வாங்கிக்கன்னு. அந்த ஆத்தாவ எவளோ ஒருத்தி ஏர்போர்ட்டுல நின்னு பாத்து அழுவுறா. இத யார்ட்டப் போயிச் சொல்றது?

அந்தம்மா பிளாஸ்டிக் சேரு ஒண்ணு இழுத்துப் போட்டு என்னைய உக்கார வச்சாங்க. தண்ணி குடுத்தாங்க. அப்பறம் என் கையப் புடிச்சு, சட்டைய மேல ஏத்தி, இங்க முழங்கைக்கு மேல பாத்தாங்க. இங்க பாருங்க, ரெண்டு கையிலயும் கன்னிப்போயிருந்துச்சு, இப்ப மஞ்சளாயிருச்சு. கூட்ட நெரிசல்ல பட்டிருக்கும். அத வெரலால மெதுவாத் தடவிப் பாத்துட்டு சட்டைய எறக்கி விட்டாங்க. என்ன செக்கிங்கோ. அந்தச் சாமந்தி இதழ ஒரு டிஷ்யூத் தாள்ல மடிச்சு, பெட்டிக்குள்ளயே வச்சு, அவங்களே மூடிக் குடுத்தாங்க. எதுலயோ கையெழுத்துப் போட்டேன். போன்னுட்டாங்க.

ஜெனிட்டாதான் இந்த கேட்டு வரைக்கும் கூட்டிட்டு வந்துச்சு. பைய நான் தூக்கறேன் சார்னுச்சு, நான் குடுக்கல. வர்ற வழியில நான் சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன். "நல்லா வந்திருக்காம்மா? எல்லாம் தெளிவா இருக்கா? எங்க அண்ணன் பாக்கணும்"னு.

"தெளிவா இருக்கு சார்"னுச்சு. கொஞ்ச தூரம் நடந்துச்சு. அப்பறம், "சார், அண்ணன்ட்டக் குடுக்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துருங்க சார். இல்லாட்டி, பக்கத்துல யாரையாச்சும் வச்சுக்கிட்டுப் பாருங்க"ன்னுச்சு.

நான் திரும்பிப் பாக்கக் கூடாதும்மான்னு மொறையச் சொன்னேன். கிறிஸ்தவப் பொண்ணு, தெரியாதுல்ல. பொறுமையாச் சொன்னேன். கொள்ளி வச்சவன் நேரா நடந்துரணும், நான் நடந்துட்டேன், அப்படி நடந்ததாலதான் ஆத்தா நிம்மதியாப் போயிருச்சுன்னேன்.

அந்தப் பொண்ணு நின்னுருச்சுண்ணே. அந்தா, அந்த ஜூஸ் கடைக்கிட்ட.

"நீங்க திரும்பிட்டீங்க சார்"னுச்சு. "கொஞ்ச தூரம்தான் நடந்தீங்க. திரும்பி ஓடி வந்தீங்க. நாலஞ்சு பேரு வந்து உங்க ரெண்டு கையையும் புடிச்சு இழுக்குறாங்க, நீங்க நெருப்புக்கிட்டப் போறீங்க. கீழ விழுந்துட்டீங்க சார். தூக்குறாங்க, மறுபடி போறீங்க. வாயத் தெறந்து என்னமோ கத்திக்கிட்டே இருந்தீங்க. ரொம்ப நேரம் சார். சத்தம் இல்ல, ஆனா தெரிஞ்சுது"ன்னுச்சு.

நான் சிரிச்சேன். அது வேற யாராச்சும் இருக்கும்மா, மேலேர்ந்து பாத்தா எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்கன்னேன்.

"மொட்டத்தலை சார்"னுச்சு.

மயானத்துல அன்னைக்கு மொட்டை அடிச்சது ஒருத்தன்தாண்ணே.

அப்பவும் நான் ஒத்துக்கல. மிஷின் ஆள மாத்தியிருக்கும்னேன். சொல்லிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. என் வாயால நானே சொல்லிட்டேன் பாருங்க, என் மிஷின் ஆள மாத்தும்னு. மாத்தாது. எனக்குத் தெரியும். கட்டம் போட்டா விடாது.

பொண்ணு போயிருச்சு. நான் அந்த ஜூஸ் கடைக்கிட்டயே நின்னுட்டு, இங்க வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன்.

என்ன கத்தியிருப்பேன்? நீங்க சொல்லுங்க, ஒருத்தன் அந்த எடத்துல என்ன கத்துவான்? மச்சானுக்குத் தெரியும். மச்சான் வாயத் தெறக்கல, இத்தனை நாளா. அக்காவுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிஞ்சிருக்கும், லைன்லதான இருந்துச்சு, அதுல சத்தம் கேக்கும்ல. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியல. போயி எறங்குனதும் அண்ணன்ட்ட மொத அதத்தான் கேக்கணும், நான் என்னண்ணே கத்துனேன்னு. மத்தது எல்லாம் அப்பறம்.

இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன். தொண்டை எரியுது.

வரிசை நிக்கிறாங்க பாருங்க. நம்ம பிளேன்தான? எந்திரிக்கலாமா? நீங்க முன்னாடி போங்க, நான் உங்களப் பாத்துக்கிட்டே வர்றேன்.

திரும்பிப் பாத்தா பின்னாலயே வந்துரும்பாங்கண்ணே. அப்படின்னா ஆத்தா போகல. கொளத்துக்கு வந்திருக்கும், வீட்டுக்கு வந்திருக்கும். காலையில கார்லயும் ஏறியிருக்கும். அதுக்குக் காரும் ஆகாதே. இப்ப இங்க வரைக்கும் வந்துட்டு, இத்தனை பேரு மத்தியில, எங்க உக்காருறதுன்னு தெரியாம நிக்கும். பிளேன்ல எப்படி வரும்? கண்ணக் கட்டுமே அதுக்கு.

எலுமிச்சம்பழம் இருக்கு. அது பரவால்ல.

உங்க சீட்டு எங்கண்ணே? எனக்கு ஜன்னலோரம் போட்டுக் குடுத்திருக்காங்க. பக்கத்து சீட்டு காலியா இருந்தா தேவலை. நான் அங்கிட்டுத் தள்ளி உக்காந்துட்டு, ஜன்னல விட்டுருவேன்.